திரும்பி வந்த வெற்றிலை

ஆவணி 2, செவ்வாய்

இன்று முதியோர் இல்லத்தில் இருந்தவர்கள்: என் அக்கா பகவதி. கோட்டாறு ஆமினா உம்மா. இனயத்து அந்தோணி அண்ணன், வள்ளத்தில் கடலுக்கு மீன் பிடிக்கப் போனவர். தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற சார். இன்னும் சிலர், எல்லார் பேரும் தெரியும், விரல் வலிக்கிறது, விடுகிறேன். பிறகு அங்கே வேலை பார்க்கும் ஷைனி. மானேஜர். பழச்சீப்போடு வந்த என் தம்பி சுயம்பு. நான்.

கடைசி நான்கு பேருக்குத்தான் நினைவு சரி. மற்றவர்கள் மறதி நோய்க்காரர்கள். எனக்கும் நோய்தான், தலைகீழாக வந்திருக்கிறது. ஒன்றும் மறக்காது.

காற்று. ஆடி போயும் ஆரல்வாய்மொழிக் காற்று போகவில்லை. பஸ்ஸில் வாயெல்லாம் மண். தோவாளையில் ஏறிய பூக்காரி பிச்சிக் கூடையை என் கால்மேல் வைத்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பச்சைச் சேலை, மூக்கில் ஒற்றைக் கல். பார்த்து வைத்திருக்கிறேன்.

ஷைனி புதிதாக வந்தவள். நெய்யூர்ப் பக்கத்துப் பெண், நல்ல பிள்ளை. வயதானவர்கள் சும்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கக் கூடாது, நாலு பேரோடு சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டும், அப்போதுதான் இருக்கிற நினைவாவது நிற்கும் என்கிறாள். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். பத்து மணிக்கு மைக்கில் சொன்னாள், எல்லாத் தாத்தா பாட்டிமாரும் ஹாலுக்கு வாங்க என்று. யாரும் அசையவில்லை. வந்தவர்கள் எல்லாம் நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வரப்பட்டவர்கள்.

முதலில் பலூன். ஒருவர் தட்டி மற்றவருக்கு விட வேண்டும். ஆமினா உம்மா மடியில் விழுந்தது. முக்காட்டால் மூடி வைத்துக்கொண்டார், கொடுக்கவில்லை. அடுத்து முயல் படம், கலர் பென்சில். சார் தன் முயலைத் தொடவே இல்லை. பக்கத்தில் இருந்தவரின் முயலை வாங்கிப் பத்துக்கு நாலு மார்க் போட்டார். அந்தோணி அண்ணன் எழுந்து ஜன்னலுக்குப் போய்க் காற்றைப் பார்த்தார். "இண்ணு வள்ளம் எறக்கண்டாம்." சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டார்.

என் அக்கா (இனிமேல் ப.அக்கா) ஹாலுக்கு வரவே இல்லை. வழக்கம்போல அறைவாசல் நாற்காலி. ஷைனி போய்க் கேட்டாள். ப.அக்கா எப்போதும் சொல்வதையே சொன்னாள்.

"ஆரும் என்னைய கூப்பிடலியே பிள்ளே."

"மைக்ல கூப்பிட்டேனே பாட்டி."

"அது ஊருக்குச் சொன்னது."

ஷைனியின் கண் நிறைந்துவிட்டது. பாவம். பலூன்களைக் கட்டி வைக்கக்கூட நூல் அகப்படவில்லை அவளுக்கு.

பிறகு சுயம்பு உள்ளே வந்தான். வந்ததும் சாருக்கு ஒரு சல்யூட். உம்மாவிடம் பலூனைக் காட்டி, ஆண் பிள்ளையா பெண் பிள்ளையா என்று கேட்டான். உம்மா சிரித்துவிட்டார். ப.அக்காவுக்கு என்னைத் தெரியாது, அவனைத் தெரியும். "ஏலே சுயம்பு, மெலிஞ்சிட்டியே மக்கா." தொந்தியைத் தட்டிக் காட்டினான். எல்லாருக்கும் சிரிப்பு.

நான் அவளுக்கு யாரோ. செவ்வாய்க்கிழமை முறுக்கு கொண்டுவரும் பொம்பளை. நான்தான் தங்கம் என்று முன்பு ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "தங்கம் இம்புட்டுக் கிழவியா? போங்க" என்றாள்.

எனக்கு ஊரில் எல்லார்மேலும் மனதுக்குள் ஒரு வழக்கு உண்டு. சுயம்பு ஒருத்தன்மேல் கிடையாது.


ஆவணி 4, வியாழன்

வற்றல் மிளகாய் காம்பு கிள்ளினேன். கண் எரிச்சல். மஸ்கட்டிலிருந்து விஜயா போன். பெரியம்மை எப்படி இருக்கா என்று கேட்டாள், ப.அக்காவைத்தான். அப்படியே என்றேன். மகளுக்குப் பெரியம்மைமேல் கோபம் இல்லை. கல்யாணம் அவளுடையது, கோபம் எனக்கு.

அதை எழுதிவிடுகிறேன். எழுதினால் குறையுமா என்று பார்க்க.

விஜயா கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம். ஐப்பசி, விடாத மழை. பந்தலுக்குள் காய் வெட்டு. எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் அதுதான் முதல் சந்தோஷம், சொந்தக்காரரும் தெருக்காரரும் ஒன்றாக உட்கார்ந்து மறுநாள் சமையலுக்கு வெட்டுவது. யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். கிழக்கே ஓரத்தில் சேனைக்கிழங்கு, என் மாமியார். பக்கத்தில் தடியங்காய், எதிர்வீட்டு லெட்சுமி. நடுவில் ஒரு பலகை சும்மா கிடந்தது. அது ப.அக்காவுக்கு. பெண்ணுக்குப் பெரியம்மை வந்து முதல் காயை அரிய வேண்டும்.

அவளுக்கும் எனக்கும் நிச்சயத்தின்போது ஒரு சின்னப் பேச்சு. அவளிடம் கேட்காமல் நாள் குறித்துவிட்டோம் என்று. பத்திரிகை கொடுத்தாயிற்று. ஆனாலும் அப்படி ஒரு பேச்சு வந்த இடத்தில் பத்திரிகை போதாது. முந்தின நாள் தட்டில் வெற்றிலை பாக்குப் பழம் வைத்துக் கையில் கொடுத்து அழைக்க வேண்டும். பெண்ணின் தாய் நான், வந்தவர்களை விட்டு இறங்க முடியாது. தாய்மாமன் போனால் நானே போனதற்குச் சமம். சுயம்புவை அனுப்பினேன். தட்டின்மேல் புதுத் துண்டு போட்டு மூடிக் கொடுத்தேன்.

விளக்கு வைத்து வெகுநேரம் கழித்து வந்தான். தட்டு கையில். துண்டை எடுத்தால் வெற்றிலை, வைத்தது வைத்தபடி.

"வரமாட்டாளாம். வெத்திலையைத் திருப்பித் தந்துட்டா."

எல்லார் முன்னாலும் சொன்னான். லெட்சுமியின் கத்தி நின்றது. வெற்றிலையைத் திருப்புவது என்றால் உறவு வேண்டாம் என்று அர்த்தம். நான் அந்தத் துண்டை மடித்து வைத்தேன். மொடமொடவென்று அப்படியே இருந்தது. அந்தப் பலகையில் நானே உட்கார்ந்து முதல் காயை அரிந்தேன்.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல். அத்தான் செத்தபோது நான் போகவில்லை. என் வீட்டுக்காரர் செத்த அன்று அவள் தெருமுனை வரை வந்து நின்றுவிட்டுப் போனாளாம். சாவுக்கு யாரும் அழைக்க வேண்டியதில்லை, உள்ளே வந்திருக்கலாம். அதையும் கணக்கில் சேர்த்தேன்.

அவளை அவள் மகன் இந்த இல்லத்தில் விட்டுவிட்டுத் துபாய்க்குப் போனான் என்று சுயம்பு வந்து சொன்ன பிறகு கிளம்பிப் போனேன். பாசத்தில் போகவில்லை. ஏன் திருப்பினாய் என்று ஒரு கேள்வி கேட்கப் போனேன். போனால் கேள்விக்கு ஆள் இல்லை. உடம்பு மட்டும் நாற்காலியில்.

இரண்டு நாளாக ஒரே சொல் மண்டைக்குள். அது ஊருக்குச் சொன்னது.

சரிதானே அவள் சொன்னது. அங்கே இருக்கிற ஒருத்தராவது ஒலிபெருக்கி கேட்டு ஒரு வீட்டுக்குப் போயிருப்பார்களா? உம்மா போவாரா? கடற்கரைக்காரர் போவாரா? யார் மதமும் எதுவாக இருக்கட்டும், வீட்டுக்கு ஆள் வந்து, பேர் சொல்லி, முகத்தைப் பார்த்து அழைத்தால்தான் இந்தப் பக்கத்து மனுஷர் செருப்பை மாட்டுவார். நோய் மற்ற எல்லாவற்றையும் தின்றிருக்கிறது. ரோஷத்தைத் தின்னவில்லை.

ஷைனிக்குப் போன் போட்டேன். பலூனை விடு, காய் வெட்டு வைப்போம், ஒவ்வொருத்தராக அழைப்போம் என்றேன். அவள் கேட்டாள், முந்தின நாள் அழைத்தால் காலையில் மறந்திருப்பார்களே பாட்டி என்று. புத்திசாலி. காலையில் அழைத்து உடனே வெட்டலாம் என்று முடிவு.


ஆவணி 6, சனி

மேகமூட்டம். முட்டுவலி இடதுகாலில்.

மானேஜர் கத்தி தரமாட்டேன் என்கிறார். பிளாஸ்டிக் கத்தி தருவாராம். அதில் சேனை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள் என்று ஷைனியிடம் சொல்லிவிட்டேன். கடைசியில் ஒத்துக்கொண்டது: கை நடுங்காதவர்களுக்கு மட்டும் சின்னக் கத்தி, ஆளுக்கு ஒரு பணியாளர் பக்கத்தில். மற்றவர்களுக்கு உள்ளி உரிக்க, முருங்கைக்கீரை உருவ.

வாங்க வேண்டியது: சேனை, வாழைக்காய், தடியங்காய், வழுதலங்காய், புடலை, முருங்கைக்காய், வெள்ளரி. தேங்காய். வெற்றிலை ஒரு கவுளி. ஷைனி கேரட்டும் பீன்ஸும் வாங்கட்டுமா என்றாள். அவியலில் கேரட் கண்டால் பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள் என்றேன்.

சனிக்கிழமை சுயம்புவுக்கு என் வீட்டில்தான் சோறு. அவன் மனைவி இறந்ததிலிருந்து அப்படி. செவ்வாய்க்கிழமை ஏற்பாட்டைச் சொன்னேன். மீன் முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டான், பெரியக்காவுக்கும் வெற்றிலை வைக்கப் போகிறாயா என்று. ஆமாம் என்றேன். முள்ளைத் தட்டோரத்தில் வரிசையாக அடுக்கினான். பிறகு, "சும்மா காயை மட்டும் வெட்டச் சொல்லு. வெத்திலை எல்லாம் என்னத்துக்கு. பழசைக் கெளறாத" என்றான்.

எனக்காகத்தான் சொல்கிறான் என்று நினைத்தேன். மறுபடியும் திருப்பிவிட்டால் நான் தாங்கமாட்டேன் என்று. இன்னொரு துண்டு மீன் வைத்தேன்.


ஆவணி 9, செவ்வாய்

வெயில். காற்று குறைவு. முதல் பஸ்.

நானும் ஷைனியும் ஒவ்வொரு அறையாகப் போனோம். அவள் கையில் தட்டு. நான் சொல்லிக்கொடுத்தபடி பேர் சொல்லி அழைத்தாள்.

சார் எழுந்து நின்று வாங்கினார். கல்யாணம் எந்த ஊரில் என்று கேட்டார். பக்கத்தில்தான் என்றோம். சட்டை மாற்ற வேண்டும் என்றார், மாற்றினார்.

ஆமினா உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தன் மகள் கல்யாணத்துக்கு வராத ஒரு மச்சியை, அண்ணன் பெண்டாட்டியைப் பற்றி நிறையச் சொன்னார். உம்மாவுக்கும் என்னைப் போல்தான். வழக்கு மட்டும் மறக்கவில்லை.

அந்தோணி அண்ணன் வெற்றிலை வேண்டாம், ஆளு வந்ததே போதும் என்றார். தேங்காய் எங்கே என்று கேட்டபடி எங்களுக்கு முன்னால் நடந்தார்.

ப.அக்கா அறைவாசல். என் கால் நின்றுவிட்டது. ஷைனியிடம், இது நான் கொடுக்கிறேன் என்று தட்டை வாங்கினேன்.

"உங்க தங்கச்சி மவளுக்குக் கல்யாணம். காய் வெட்ட வந்திரணும்."

என்னைப் பார்க்கவில்லை. வெற்றிலையைத்தான் பார்த்தாள். இரண்டு கையாலும் எடுத்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மடியில் கட்டினாள்.

அவ்வளவுதான். முப்பது வருஷத்து விஷயம், பஸ்ஸில் சீட்டு வாங்குகிற நேரம்கூட ஆகவில்லை. அன்று திருப்பியவள் இன்று வாங்கிவிட்டாள், மறதி செய்த வேலை, கடவுள் இந்த நோயை இதற்குத்தான் கொடுத்தாரோ என்றுகூட நினைத்தேன். எனக்குச் சந்தோஷமா வருத்தமா தெரியவில்லை. திருப்பினதை மறந்துவிட்டாளே, இனி யாரிடம் கேட்பேன்.

பத்து மணிக்கு ஹாலில் பாயும் பெஞ்சும். எல்லாரும் வந்துவிட்டார்கள். நடந்து வந்தார்கள். ப.அக்கா நடுப்பலகைக்கு நேராகப் போய் உட்கார்ந்தாள், யாரும் காட்டவில்லை. முதல் வாழைக்காயை அவள்தான் அரிந்தாள். விரல் நீளம், ஒன்றுபோல.

பேச்சு எழுதி முடியாது. உம்மாவுக்கு உள்ளி உரித்துக் கண்ணீர், அதைக் காட்டி எல்லாரிடமும் அனுதாபம் வாங்கினார். சார் வெட்டுவதை நிறுத்தி மற்றவர் துண்டுகளைச் சோதித்தார், இது பெரிது, இது சிறிது. "ஓய், நீரு வெட்டும். மார்க்கு பெறவு போடலாம்" என்றார் அந்தோணி அண்ணன். அந்தோணி அண்ணன் உடைத்த தேங்காய் எல்லாம் சரிபாதி. ஒரு கேரட் எப்படியோ கூடையில் வந்திருந்தது. ப.அக்கா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது மாப்பிளை வீட்டுக்காரங்க கொண்டுவந்ததா?" என்றாள். வயிறு வலிக்கச் சிரித்தோம். மானேஜரும்.

மத்தியானம் அந்த அவியல்தான். மறு சோறு கேட்டார்களாம். சாயங்காலமானால் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கதவைத் தட்டுகிற ஆட்கள் இன்று தட்டவில்லை என்று ஷைனி போனில். குரல் குதிக்கிறது.

இது ஏன் முன்பே தோன்றவில்லை. எத்தனை செவ்வாய் முறுக்குப் பொட்டலத்தோடு போய் எதிரில் உட்கார்ந்து வந்திருக்கிறேன், ஒரு நாள் பேர் சொல்லி அழைக்கத் தோன்றவில்லை.


ஆவணி 10, புதன்

காலையில் கஞ்சி அடுப்பில் இருக்கும்போது ஷைனி போன். அழுகிறாள். பாட்டி உடனே வாங்க.

தப்பு பண்ணிவிட்டோம், ராத்திரியோடு எல்லாம் மறந்துவிடும் என்று நினைத்து. நான்தான். காய் வெட்டு வைத்தேன், கல்யாணம் வைக்கவில்லை.

விடிந்ததும் எல்லாரும் குளித்து உடுத்தித் தயார். சார் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார் எங்கே வருகிறார்கள் என்று கேட்டபடி. உம்மா பெட்டியைத் திறந்து நகை தேடி அழுகை. சாப்பாட்டைக் காட்டினால், கல்யாணச் சாப்பாடு இருக்கிறதே, இதை எதற்குத் தின்ன வேண்டும் என்கிறார்கள்.

ப.அக்கா இரும்புக் கதவு பக்கத்தில். யாரிடமோ கேட்டு வாங்கிய பட்டுச்சேலை, முந்தானை தலைகீழ். மடியில் நேற்றைய வெற்றிலை, வாடிப்போய். கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்க்கிறாள். பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லையாம்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். உள்ளே வரச் சொன்னேன்.

"இருங்கம்மா. எனக்க தம்பி வருவான். சுயம்பு. தங்கம் அவனத்தான் அனுப்புவா."

வந்துவிடுவான் என்றேன்.

"அண்ணைக்கும் இப்பிடித்தான் இருந்தேன். உடுத்துட்டு வெளக்கு வச்சு வாசல்ல இருந்தேன். மழை. ஒரு ஆளு வரல. ஒரு ஈ காக்கா வரல. வெளக்கு அணைஞ்சு போச்சு. அவரு சொன்னாரு, கூப்பிடாத எடத்துக்குப் போவியாட்டின்னு. தங்கம் என்னைய மறந்துட்டா."

அப்படியே எழுதியிருக்கிறேன். ஒரு சொல் கூட்டவில்லை.

நோயாளி பேச்சு என்று முதலில் தள்ளினேன். கல்யாண வீட்டை வேறு எதனோடோ குழப்புகிறாள். நின்றுகொண்டே இருந்தேன். மழை என்றாளே. மழை. அப்போதுதான் அந்தத் துண்டு.

ஊர் மூழ்க மழை பெய்த சாயங்காலம் குடை இல்லாமல் இரண்டு தெரு தாண்டிப் போய்த் திரும்பியவன் கையில் இருந்த துண்டு மொடமொடவென்று இருந்தது. நான்தான் மடித்தேன். அவன் தலையிலும் தண்ணீர் இல்லை. முப்பது வருஷமாக அந்தத் துண்டின் மடிப்பு எனக்கு நினைவிருக்கிறது, அது ஏன் காய்ந்திருந்தது என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கவில்லை. என்ன நினைவு இது. கல்லில் கொத்தி வைத்து, படிக்காமல் விட்டது.

கதவடியில் உட்கார்ந்துவிட்டேன். ஷைனி என்னையும் நோயாளி என்று நினைத்திருப்பாள்.

பிறகு எழுந்தேன். ஆக வேண்டியதைப் பார்க்க வேண்டும். சமையல்காரியிடம் சிறுபயறு பாயாசம் போடச் சொன்னேன். ஆளுக்கு ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிவரச் சொன்னேன். நம் பக்கத்துக் கல்யாணத்தில் கையில் எலுமிச்சம்பழம் கொடுத்தால் எல்லாம் மங்களமாக முடிந்தது, போய்வாருங்கள் என்று அர்த்தம். தாலி கட்டு அங்கே கோயிலில் நல்லபடி முடிந்துவிட்டது, இது வீட்டுக்கு வந்த பாயாசம் என்று ஒவ்வொருத்தரிடமும் சொன்னோம். சார் எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்த்துவிட்டுக் கடிகாரத்தைக் கழற்றினார்.

ப.அக்கா கையில் நான் வைத்தேன். பழத்தைப் பார்த்தாள்.

"முடிஞ்சுதா? நான் போகலியே."

"நீங்கதான் முதல் காய் வெட்டினியோ."

யோசித்தாள். ஆமாம் என்று தலையாட்டினாள். கம்பியை விட்டாள். பாயாசம் குடித்தாள். குடித்துவிட்டு என்னிடம், தங்கம் வந்தால் நான் வெட்டிக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லுங்கள் என்றாள். சொல்கிறேன் என்றேன்.


ஆவணி 13, சனி

சுயம்பு சாப்பிட வந்தான். சோறு, சாம்பார், துவரன். மீன் வாங்கவில்லை.

பாதிச் சோற்றில் கேட்டேன். அன்று சாயங்காலம் நீ எங்கே இருந்தாய்.

எந்தச் சாயங்காலம் என்று கேட்கவில்லை. அதிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"மழை விடட்டும்னு நம்ம வீட்டுக்கு அடுத்த வாசகசாலையில ஒதுங்குனேன் அக்கா. நாலு பேரு சீட்டு வெளையாடிட்டு இருந்தாங்க. ஒரு கை கொறஞ்சுது. ஒரு ஆட்டம்னு உக்காந்தேன்."

ஒரு ஆட்டம் பல ஆட்டம் ஆயிற்று. எழுந்து பார்த்தால் இருட்டு. போகவில்லை என்று சொன்னால் பந்தலில் வைத்தே நான் செருப்பால் அடிப்பேன் என்று பயம். தட்டு வேறு கையில். வாயில் வந்தது திருப்பிவிட்டாள் என்பது.

"நாளைக்கு ரெண்டுபேரும் சேந்துருவியோன்னுதான் நெனச்சேன். சண்டை போட்டாத்தானே கள்ளம் வெளிய வரும். நீயும் கேக்கல, அவளும் கேக்கல. பெறவு நான் எங்கண போய்ச் சொல்ல?"

அத்தான் செத்தபோது சொல்லியிருக்கலாமே என்றேன். என் வீட்டுக்காரர் செத்தபோது, அவள் தெருமுனையில் வந்து நின்றாளே, அப்போது சொல்லியிருக்கலாமே.

"அப்பம் சொல்லியிருந்தா நீ எனக்குச் சோறு போடுவியா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கண் சிரிக்கவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு ஒரு வழி இருந்திருக்கும். பெரியக்காவுக்கு இப்போது ஒன்றும் தெரியாது, சுயம்பு என்று இன்னும் பிரியமாகத்தான் கூப்பிடுகிறாள், நீ ஏன் மனதில் வைத்துக்கொண்டிருக்கிறாய் என்றான்.

அவளுக்குத் தெரியாது. அதுதானே. தப்பு அவளுடையது இல்லை என்று நான் அவளிடம் சொன்னாலும், அவள் தங்கச்சி சொன்னதாக அவளுக்கு இருக்காது. முறுக்குக்காரி சொன்னதாக இருக்கும்.

ரசம் ஊற்றவில்லை. எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். அவன் கை கழுவுகிற சத்தம். பிறகு கதவு.


ஆவணி 16, செவ்வாய்

தூறல். இரண்டாவது காய் வெட்டு. இந்தத் தடவை ஷைனி எல்லாம் ஒரே நாளில் முடிகிற மாதிரி வைத்திருக்கிறாள். காலையில் அழைப்பு, வெட்டு, மத்தியானம் இலை போட்டுச் சாப்பாடு, உடனே எலுமிச்சம்பழம். யாரும் மறுநாளுக்குக் காத்திருக்க வேண்டாம். மைக்கை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். உம்மாவைக் கூடவே தட்டோடு கூட்டிக்கொண்டு போய் அழைக்கவைத்தாள், உம்மாவுக்கு ஒரே பெருமை.

ப.அக்காவுக்கு நான்தான் வெற்றிலை வைத்தேன். புதிதாக வாங்குவதுபோல வாங்கினாள். இனி ஒவ்வொரு செவ்வாயும் அவளை அழைக்கலாம், ஒவ்வொரு தடவையும் அவள் வருவாள். அன்று ஒருநாள் அழைத்திருந்தால் இதில் ஒன்றும் வேண்டியிருக்காது.

பக்கத்தில் உட்கார்ந்து வழுதலங்காய் வெட்டினேன். நல்லா வெட்டுகிறீர்கள், எந்த ஊர் என்று கேட்டாள். இந்த ஊர்தான் என்றேன். உங்களைப் பார்த்தால் எங்கள் அம்மை ஜாடை என்றாள். அதற்கு மேல் போகவில்லை. அது போதும் என்று எழுத வருகிறது, போதவில்லை.

இலை போடுகிற நேரம் சுயம்பு வந்தான். வரமாட்டான் என்று நினைத்தேன். கையில் பழச்சீப்பு. என்னைப் பார்க்காமல் வாசலில் நின்றான். ப.அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். எழுந்தாள். ஷைனி பிடிக்கப் போனாள், அவள் கையைத் தட்டிவிட்டு அவளாகவே நடந்து போனாள்.

"வந்துட்டியா மக்கா. மழையில நனஞ்சியா?"

முந்தானையை எடுத்து அவன் தலையைத் துவட்டினாள். குடையில் வந்தவன், தலை காய்ந்துதான் இருந்தது. துவட்டிக்கொண்டே இருந்தாள். அவன் குனிந்து நின்றான். எல்லாரும் சிரித்தார்கள், சாரும் உம்மாவும் ஷைனியும்.

நான் இலையில் உட்காரவில்லை. எலுமிச்சம்பழம் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து என் வழக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். கால்மேல் கூடை வைத்த பூக்காரி, போகட்டும். கல்யாணப் பாயாசம் அடிப்பிடித்தது என்று ஊரெல்லாம் சொன்ன சம்பந்தி, செத்துப்போனாள், போகட்டும். கத்திக்கு அவ்வளவு பேசவைத்த மானேஜர், போகட்டும். பந்தலில் அன்று என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிய லெட்சுமி, போகட்டும். வாசகசாலையில் ஒரு கை குறைகிறது என்று கூப்பிட்டவர்கள், அவர்களுக்கு என்ன தெரியும், போகட்டும். கூப்பிடாத இடத்துக்குப் போவாயா என்று கேட்ட அத்தான், கேட்டது நியாயம். தெருமுனை வரை வந்து நின்ற அக்கா, அவள்மேல் எனக்கு வழக்கு இருந்ததே தப்பு.

மன்னிக்க முடியாதது ஒருத்தனை. சுயம்பு.